முன்கொதிப்பு

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூறு என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பள்ளிக்கூடங்களை வைத்து, பள்ளிக்கூடங்களின் தலைக்கு மேல் தேர்வு வாரியம் என்று ஒன்றை வைத்து, அந்த வாரியத்துக்கு ஐந்து மாடியில் கட்டடமும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் தையல்காரரின் மகள் பள்ளி இறுதி அறிவியல் செய்முறைத் தேர்வில் தொண்ணூற்று மூன்று என்று எழுதிவிட்டு வந்தாள்.

ஊர் மலை உச்சியில் இருந்தது. அவள் பக்கத்தில் இருந்த ஒரே நியாயம் அதுதான். தேர்வு வாரியம் கீழே சமவெளியில் இருந்தது. மற்ற எல்லா நியாயங்களும் அதன் பக்கத்தில் இருந்தன.

குற்றம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியில் கொதிநிலைச் சோதனை பல வருடங்களாக அடுப்பைப் பற்றவைக்காமலே நடந்துவந்தது. எரிவாயு விற்கிற விலையில் அதைத் தண்ணீருக்குச் செலவழிப்பது வீண் என்று தலைமை ஆசிரியர் நினைத்தார். பீக்கரில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். வெப்பமானியை அதில் தொங்கவிடுவார்கள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதை மரியாதையாகப் பார்ப்பார்கள். "கொதிச்சாச்சா?" என்று டீச்சர் கேட்பார். "கொதிச்சாச்சு டீச்சர்." "எவ்வளவு?" "நூறு டீச்சர்." எல்லோருக்கும் முழு மதிப்பெண். அடுப்பைப் பற்றவைக்காத வரைக்கும் அந்த ஊரில் தண்ணீர் நூறு டிகிரியில்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. "எலும்பெல்லாம் விறைக்குது, அந்த அடுப்பைக் கொஞ்சம் பத்தவைங்கம்மா" என்றார். பற்றவைத்தார்கள். அவர் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கையைச் சூடுபடுத்திக்கொண்டார். தண்ணீரும் வேறு வழியில்லாமல் கொதித்தது. விடை தெரிந்த பிள்ளைகள் யாரும் வெப்பமானியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தையல்காரரின் மகள் மட்டும் பார்த்தாள்.

அவள் செய்முறையில் தோற்றதாக முடிவு வந்தது. செய்முறையில் தோற்றால் எல்லாப் பாடத்திலும் தோற்றதாகத்தான் கணக்கு. அவளுக்குச் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் தேர்ச்சிச் சான்றிதழைக் கொண்டுவராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

"கண்ணுல பட்டதையெல்லாம் எழுதுறதுக்கா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்?" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாதரசம் தொண்ணூத்தி மூணுலயே நின்னுடுச்சுப்பா. எவ்வளவு நேரம் பார்த்தாலும் மேல ஏறலை."

"அது ஏறலைன்னா நீ ஏத்தி எழுத வேண்டியதுதானே?" என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா.

தையல்காரர் கோட்டு தைப்பதில் பேர் போனவர். குளிர்ப்பிரதேசம் என்பதால் உள்ளூர் அதிகாரிகள் அத்தனை பேரும் அவரிடம் அளவு கொடுத்தவர்கள்தான். முகத்தைவிட இடுப்புச் சுற்றளவை வைத்தே அவர்களை அவருக்கு அதிகம் தெரியும். பாதரசம், கொதிநிலை எல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் நூறு என்று சொல்லும்போது தன் மகளுக்கு மட்டும் என்ன வந்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. அதனால் முதலில் அறிவியல் டீச்சரைப் பார்க்கப் போனார்.

டீச்சர் வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "உங்க பொண்ணு எழுதினது சரிதாங்க. மலை மேல காத்தோட அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைஞ்சா தண்ணி சீக்கிரமாவே கொதிச்சிடும். நூறு வரைக்கும் போகாது. பாடப் புத்தகத்துலயே இருக்கு, பன்னிரண்டாம் பாடம்."

"அப்ப மார்க் போட்டிருக்கலாமே டீச்சர்?"

"செய்முறைத் தேர்வு மூணாம் பாடத்துலேர்ந்துங்க. மூணாம் பாடத்துல நூறுன்னுதான் இருக்கு."

"ரெண்டும் ஒரே புத்தகம்தானே?"

"ஒரே புத்தகம்தான். ஆனா மூணாம் பாடம் நடக்கும்போது பன்னிரண்டாம் பாடம் இன்னும் நடக்கலையே." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இந்த வருஷம் பதவி உயர்வு வருது. தண்ணி விஷயத்துல என்னை இழுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தையல்காரர் மறுநாள் பஸ் பிடித்துச் சமவெளிக்கு இறங்கினார். வாரியத்தின் ஐந்து மாடிகளிலும் ஏறி இறங்கியபிறகு, அவர் பார்க்க வேண்டிய பிரிவு அலுவலர் தரைத்தளத்தில், அவர் முதலில் நுழைந்த வாசலுக்குப் பக்கத்து அறையிலேயே இருப்பது தெரிந்தது. அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். விஷயத்தை முழுவதும் கேட்டார்.

"பெரியவரே, தண்ணி எத்தனையில வேணும்னாலும் கொதிக்கட்டும். அது அதோட சொந்த விஷயம். நாங்க தலையிட மாட்டோம். ஆனா விடைக்குறிப்புல நூறுன்னு போட்டாச்சு. தண்ணியை அச்சடிக்கலை. விடைக்குறிப்பை அச்சடிச்சிருக்கோம்."

"டீச்சர்கூட என் பொண்ணு எழுதினது சரின்னு..." என்று ஆரம்பித்த தையல்காரர் டீச்சரின் பதவி உயர்வு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். "புத்தகத்துல இருக்குன்னு சொல்றாங்க சார்."

"சரின்னே வச்சுக்குவோம். உங்க பொண்ணு எழுதினது சரின்னா, மலை மேல நூறுன்னு எழுதின மத்த பிள்ளைங்கள்லாம் தப்புன்னு ஆயிடும். அத்தனை பேரையும் ஃபெயிலாக்கணும். உங்க பொண்ணு ஒருத்தி பாஸாகிறதுக்கு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஃபெயிலாகணுமா? உங்க மனசு கேக்குமா?"

தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. மகளுக்காகக் கேட்க வந்தவர், ஊர்ப் பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட வந்தவர்போலக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து அலுவலருக்கே இரக்கம் வந்துவிட்டது. விடைத்தாளுக்கு மறுமதிப்பீடு இருப்பதுபோலத் தண்ணீருக்கு மறுகொதிப்பு என்று ஒரு வழி இருக்கிறது, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்றார். வாரியத்தின் தலைவரே நேரில் வந்து தண்ணீரை விசாரிப்பார்.

தலைவர் வந்த அன்றைக்கு ஆய்வகத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வெப்பமானிக்குப் பக்கத்தில் பூச்செண்டு வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் வரவேற்புரையில், இப்படிப்பட்ட ஒரு மாமேதையின் முன்னிலையில் கொதிப்பது எந்தத் தண்ணீருக்கும் கிடைக்காத பாக்கியம் என்றார். அடுப்பைப் பற்றவைத்தார்கள். பாதரசம் ஏறியது. தொண்ணூற்று மூன்றில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தலைவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பாதரசம் அசையவில்லை.

"இது கொதிக்கலை" என்றார் தலைவர்.

அறையில் இருந்த எல்லோரும் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தார்கள்.

"குமிழி வருதுங்கிறதுக்காகக் கொதிக்குதுன்னு சொல்லிட முடியுமா? சோடாவுலகூடத்தான் குமிழி வருது. நூறு டிகிரியில நடக்கிறதுக்குப் பேர்தான் கொதிப்பு. அதுக்கு முன்னால நடக்கிறது முன்கொதிப்பு. ஆர்வக்கோளாறுல தண்ணி பண்ற வேலை. பொறுத்திருந்து பார்ப்போம்."

பொறுத்திருந்தார்கள். தண்ணீர் பாதியானது, கால்வாசியானது, கடைசியில் இல்லாமலே போனது. காய்ந்த பீக்கர் படீரென்று வெடித்தது. 'தண்ணீர் விசாரணைக்கு ஒத்துழைக்காமல் ஆவியாகித் தலைமறைவாகிவிட்டது' என்று கூட வந்திருந்த பிரிவு அலுவலர் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். இடையில் தேநீர் வந்தது. தலைவர் ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். "என்னய்யா இப்படிக் கொதிக்குது?" என்று கத்தினார். "கொதிக்கலைங்க ஐயா, முன்கொதிப்புதான்" என்று அலுவலர் பணிவாக ஞாபகப்படுத்தினார்.

தையல்காரரின் மகள் கை தூக்கினாள். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கவனிக்கவில்லை.

"ஐயா, பன்னிரண்டாம் பாடத்துல இதுக்குக் காரணம் போட்டிருக்கு. உயரமான இடத்துல காற்றழுத்தம் குறையும், அதனால கொதிநிலையும் குறையும்னு."

தலைவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "பன்னிரண்டாம் பாடத்தை யாரும்மா எழுதினது? நான்தான். என் பேரு பின்னட்டையில இருக்கும், பாரு."

"அப்ப உங்களுக்கு இது தெரியுமே ஐயா."

"எனக்குத் தெரியாம இருக்குமா? அது பிள்ளைங்க படிக்கிறதுக்காக எழுதினதும்மா. நம்புறதுக்காக எழுதலை. படிக்கிற பாடத்தையெல்லாம் ஒவ்வொருத்தரும் நம்ப ஆரம்பிச்சா அப்புறம் தேர்வு நடத்த முடியுமா?"

எனக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது. ஒன்றும் தெரியாதவர் உட்கார்ந்திருந்தால் தலைவிதி என்று விட்டுவிடலாம். இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பின்னட்டையில் போட்டுக்கொண்டு, தெரியாததுபோல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட இருந்தவர்கள் அதற்குக் கைதட்டினார்கள்.

விசாரணை முடியவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. முதல் சந்தேகம் வெப்பமானியின் மேல் விழுந்ததால் அதைப் பஞ்சில் சுற்றிச் சமவெளிக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். அங்கே அது பிசகாமல் நூறு காட்டியது. வாரியம் அறிக்கை வெளியிட்டது: கருவி கீழே இருக்கும்போது ஒழுங்காக நடந்துகொள்கிறது. மேலே வந்தவுடன் கெட்டுவிடுகிறது. எனவே குறை கருவியில் இல்லை, ஊரில்தான் இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் தேவலை. அறிக்கையோடு கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பள்ளி விடுதிகளில் கொதித்த நீரில் மட்டுமே சமைக்க வேண்டும் என்பது பழைய விதி. கொதித்தல் என்றால் என்ன என்பதை வாரியம் இப்போது தெளிவுபடுத்தியிருந்தது: நூறு. அதைக் கண்காணிக்கப் பெண்கள் விடுதிச் சமையலறையில் கையில் வெப்பமானியோடு ஒரு மேற்பார்வையாளரையும் நிறுத்தினார்கள்.

"உலை தளதளன்னு கொதிக்குதுங்க. அரிசியைப் போடட்டுமா?" என்று சமையல்காரம்மா கேட்டாள்.

"எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தி மூணு."

"அப்ப இன்னும் கொதிக்கலை."

தண்ணீர் வற்றியது. மறுபடியும் ஊற்றினார்கள். மறுபடியும் வற்றியது. எரிவாயு தீர்ந்ததும் மேற்பார்வையாளர், இன்று கொதிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. பிள்ளைகள் ரொட்டியையும் ஊறவைத்த அரிசியையும் தின்றார்கள். ஒரு சின்னப் பெண் வகுப்பில் மயங்கி விழுந்தாள். பசி மயக்கம் என்று விடுதிக் காப்பாளர் வாரியத்துக்குத் தெரிவித்தார். நாள் முழுவதும் எதுவுமே உண்ணாதிருந்தால்தான் அதற்குப் பசி என்று பெயர், ரொட்டி தின்றவளுக்கு வந்திருப்பது முன்பசி, கவலைப்பட வேண்டியதில்லை என்று பதில் வந்தது.

ஊர் வாரியத்தின் மேல் கோபப்படவில்லை. அது ஐந்து மாடி உயரம், கோபம் அவ்வளவு தூரம் எட்டாது. தையல்கடை தரையில்தான் இருந்தது.

"உங்க பொண்ணு வாயை மூடிக்கிட்டு எல்லாரையும் மாதிரி எழுதியிருந்தா, எங்க வீட்டுப் பிள்ளை விடுதியில சாப்பிட்டிருக்கும்" என்றார் கோட்டு வாங்க வந்த ஒருவர். கோட்டை வாங்காமலே திரும்பினார்.

தலைமை ஆசிரியர் ஒருநாள் வேறு வேலையாகப் போகிறவர்போலக் கடைக்குள் நுழைந்தார். அடுத்த விசாரணை மாதக் கடைசியில். அந்தப் பெண் நூறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த ஊரிலும் தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்கிறது என்று பதிவாகிவிடும். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். விடுதியில் அடுப்பு எரியும். அவளுக்கும் சான்றிதழ் கையோடு கிடைக்கும். "எல்லாருக்கும் நல்லது. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?"

தையல்காரருக்கு எவ்வளவு யோசித்தும் நஷ்டம் யாருக்கு என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"இதோ பாரும்மா. பெரிய அதிகாரி ஒருத்தர் வர்றார். இடுப்பு நாற்பத்திரண்டு. நான் சத்தமா முப்பத்தெட்டுன்னு சொல்லுவேன். அவருக்கு முகம் மலர்ந்துடும். ஆனா துணியை நாற்பத்திரண்டுக்குத்தான் வெட்டுவேன். கோட்டும் சரியா வந்துடும், அவரும் சந்தோஷமாப் போவார். இதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"அளவு எழுதுற நோட்டுல என்னன்னு எழுதுவீங்க?"

"நாற்பத்திரண்டுன்னுதான். இல்லைன்னா தையல் தப்பாயிடுமே."

"நானும் நோட்டுலதான்ப்பா எழுதினேன்."

அம்மாதான் குறுக்கே வந்தாள். "போதும்டி உன் நியாயம். அந்தப் பச்சைப் பிள்ளைங்க அரிசியை ஊறவச்சுத் திங்குதுங்களாம். போய் உன் கண்ணால பாரு. உனக்குத்தான் கண்ணால பார்த்தாத்தானே எதுவும் நிஜம்."

அவள் போனாள். விடுதியில் என்ன பார்த்தாளோ தெரியாது. திரும்பி வந்தபின் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடாமலே எழுந்துபோய்ப் படுத்தாள். அதன்பிறகு வீட்டில் காற்றழுத்தம் என்ற பேச்சே எழவில்லை.

மாதக் கடைசியில் தலைவர் மறுபடியும் மலையேறி வந்தார். அதே அறை, அதே மேசை, புதுப் பூச்செண்டு. அடுப்பைப் பற்றவைத்தார்கள். பாதரசம் மெல்ல ஏறித் தொண்ணூற்று மூன்றில் வந்து நின்றது. தண்ணீர் கொதித்தது. யாரும் அதைக் கொதிப்பு என்றும் சொல்லவில்லை, முன்கொதிப்பு என்றும் சொல்லவில்லை. தையல்காரர் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வாம்மா, பக்கத்துல வந்து பாரு" என்றார் தலைவர். "பயப்படாதே. விஞ்ஞானத்துல பயத்துக்கு இடமே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லு. எவ்வளவு இருக்கு?"

அவள் வெப்பமானியைப் பார்க்கவில்லை. தலைவரின் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு இருக்கணுங்க ஐயா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. கடையில் ஜாக்கெட்டுக்குக் கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்கிற பணிவோடுதான் கேட்டாள். தலைவரின் முகம் பூரித்துப்போனது.

"நூறும்மா."

"நூறுதாங்க ஐயா. ஒரு புள்ளிகூடக் குறையலை."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. தலைவர் எழுந்து நின்றே பேசினார். "கேள்வி கேக்கணும், கேள்வி கேக்கணும்னு நான் காலம் முழுக்கச் சொல்லிட்டு வரேன். இன்னைக்கு இந்தப் பொண்ணு கேட்டா பாருங்க ஒரு கேள்வி! தனக்குத் தெரிஞ்சதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காம, எது தேவைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா. இதுதான் அறிவியல் மனப்பான்மை. போன தடவை பார்த்தப்ப இவகிட்ட இது இல்லை. இந்தக் கொஞ்ச நாள்ல வந்திருக்குன்னா, நம்ம கல்விமுறை தோத்துப்போச்சுன்னு யார் சொல்ல முடியும்?" பேசப் பேச அவர் கண் கலங்கியது. பின்னால் பீக்கர் கொதித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் சொன்னபடி நடந்தது. அலுவலர் சான்றிதழை ஏற்கெனவே தயாராக எழுதிக் கொண்டுவந்திருந்தார், தேதியை மட்டும் போட்டுக் கொடுத்தார். சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. விடுதி மேற்பார்வையாளர் வெப்பமானியை உறைக்குள் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். சமையல்காரம்மா உலையில் அரிசியைப் போட்டாள். கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோட்டை வாங்காமல் போனவர், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். தையல்காரர் சான்றிதழைக் கசங்காமல் கோட்டுக்குள் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு நடந்தார். நாளைக்கே பஸ் பிடித்துப் போய் இடத்தை உறுதி செய்துவிடலாம். பயிற்சிப் பள்ளி விடுதியில் தங்க என்னென்ன வாங்க வேண்டும் என்று அம்மா இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நினைக்க நினைக்க அவருக்கு மனம் நிறைந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. உனக்குச் சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்ப்பா."

கேட்ட உடனே சொன்னாள். நூறுதாங்க ஐயா என்று சொன்ன அதே குரல். தையல்காரர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. பொய் சொன்னால் மூக்கு நுனி சிவக்கும், கோபம் வந்தால் உதட்டைக் கடிப்பாள். இப்போது அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை, நல்ல பெண்ணின் முகமாக இருந்தது.

"நிஜமாவா?" என்று கேட்டார்.

"நிஜமாத்தான்ப்பா. ரொம்பச் சந்தோஷம்."

இனிமேல் இவளிடம் எதைக் கேட்டாலும் தனக்கு எது வேண்டுமோ அதுதான் பதிலாக வரும் என்பது தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.